தலைமை கைமாறினால்தான் குழு நிலைக்கும்

1954இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் பில் வில்சனுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர முன்வந்தது. பங்குச் சந்தையில் புழங்கிய அவர், குடியால் வேலை, சேமிப்பு, மதிப்பு எல்லாவற்றையும் தொலைத்தவர். 1935இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், தன்னைப் போலவே குடியில் சிக்கியிருந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித்துடன் சேர்ந்து ‘ஆல்கஹாலிக்ஸ் அநானிமஸ்’ அமைப்பைத் தொடங்கினார். சுருக்கமாக ஏஏ. பட்டத்தை அவர் மறுத்தார். பெயரைப் போடாமல் முதலெழுத்துகளை மட்டும் போட்டுத் தருகிறோம் என்று பல்கலைக்கழகம் இறங்கி வந்தும் அவர் இசையவில்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் செயிண்ட் லூயிஸ் நகரில் அமைப்பின் 20ஆம் ஆண்டு மாநாடு நடந்தது. அங்கே அவர், குழுக்கள் தேர்ந்தெடுத்த பேராளர்களின் அவையிடம் பொறுப்பை முறைப்படி ஒப்படைத்தார். அப்போது அவருக்கு வயது 59. அவரைப் போகச் சொன்னவர் யாரும் இல்லை. இதைத் தன்னடக்கம் என்று புகழ்ந்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதற்கு அடியில் கறாரான ஒரு கணக்கு இருக்கிறது. போதையிலிருந்தும் மனநோயிலிருந்தும் மீள்கிறவர்கள் கூடும் குழுவில் தலைமை ஒருவரிடமே தங்கிவிட்டால், குழுவும் கெடும், அந்தத் தலைவரும் கெடுவார். தலைமை கைமாறிக்கொண்டே இருப்பது இத்தகைய குழுவுக்கு நிர்வாக வசதி மட்டுமில்லை, குணப்படுத்தும் வேலையில் அதுவும் ஒரு பகுதி.

இது நமக்கு ஏன் முக்கியம் என்பதை எண்களே சொல்லும். டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயது வரையிலானவர்களில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிக்கும் அதிகமானோரின் குடி, உதவி தேவைப்படும் அளவுக்கு முற்றியிருக்கிறது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180க்கு ஒருவர். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வும், மனநலச் சிக்கல் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேலானோர் சிகிச்சைக்கு வெளியே நிற்பதாகக் கண்டது. இவ்வளவு பேருக்கு ஈடுகொடுக்க மனநல மருத்துவர்களும் கட்டில்களும் விரைவில் உருவாகப் போவதில்லை. இந்த இடைவெளியில்தான் தேவாலயக் கூடத்திலும் பள்ளி வகுப்பறையிலும் சமுதாயக் கூடத்திலும் மாலை நேரத்தில் கூடும் சிறு குழுக்கள் வருகின்றன. அவற்றைத் தொடங்க நல்ல மனம் படைத்தவர்கள் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள். தொடங்கியதை யார் நடத்துவது, எத்தனை நாள் நடத்துவது என்ற பேச்சுதான் குறைவு. தன்னை வருத்திக்கொண்டு இருபது ஆண்டுகள் ஒரே ஆள் ஒரு குழுவைச் சுமந்தால் அவரைத் தியாகி என்கிறோம். அந்தக் குழுவில் வேறு யாருமே ஏன் பொறுப்புக்கு வரவில்லை என்று கேட்பதில்லை.

முதலில், இத்தகைய குழுக்களால் பயன் உண்டா? நெடுங்காலம் இதற்குத் திடமான பதில் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 27 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 10,565 பேரின் தரவுகளை ஆராய்ந்தது. ஏஏ கூட்டங்களோடு இணைத்துவிடும் முறையான சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டு கழித்து 42 விழுக்காட்டினர் குடியை முற்றாக விட்டிருந்தார்கள். சிந்தனை-நடத்தைச் சிகிச்சை போன்ற பிற முறைகளில் இது 35 விழுக்காடு. வித்தியாசம் மலையளவு இல்லை. ஆனால் காசு கேட்காத, சாதாரண மனிதர்கள் நடத்தும் கூட்டம் தேர்ந்த நிபுணரின் சிகிச்சைக்குக் குறையாத பலனைத் தருகிறது என்பது சிறிய சேதி இல்லை. எப்படிப் பலிக்கிறது என்பது அடுத்த கேள்வி. பழைய குடித்தோழர்களின் வட்டம் கழன்று, குடிக்காதவர்களின் வட்டம் உருவாவது ஒரு காரணம் என்று இந்தத் தொகுப்பாய்வின் முதன்மை ஆசிரியரான ஜான் கெல்லியின் பிற ஆய்வுகள் காட்டுகின்றன. இன்னொரு காரணம், நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. மரியா பகானோவும் சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடிந்தபின் பிற குடிநோயாளிகளுக்கு உதவியவர்களில் 40 விழுக்காட்டினர் ஓராண்டு குடிக்காமல் இருந்தார்கள். உதவாதவர்களில் அப்படி இருந்தவர்கள் 22 விழுக்காடு. உதவியதால் மீண்டார்களா, மீண்டுகொண்டிருந்ததால் உதவ முடிந்ததா என்று கேட்பது நியாயம். இந்த ஓர் ஆய்வால் அதை முழுதாகத் தீர்க்க முடியாது. ஆனாலும் எத்தனை கூட்டங்களுக்குப் போனார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். உதவி பெறுவது மட்டுமல்லாமல் உதவி செய்வதும் மீட்சிக்குத் துணை என்றால், குழுவில் உள்ள ஒவ்வொரு பொறுப்பும் யாரோ ஒருவர் மீள்வதற்கான வாய்ப்பு. கதவைத் திறந்து நாற்காலி போடுவது, தேநீர் வைப்பது, வந்த காசுக்குக் கணக்கு எழுதுவது, புதிதாக வந்தவரை வாசலில் நின்று அழைத்து வருவது, கூட்டத்தை நடத்துவது என எல்லாமே அப்படித்தான். இவை அனைத்தையும் ஒரே ஆள் இழுத்துப்போட்டுச் செய்யும்போது, மற்றவர்களின் சுமையைக் குறைப்பதாக அவர் நினைக்கிறார். உண்மையில் மற்றவர்களுக்குப் போய்ச் சேரவேண்டிய ஒன்று அவரிடமே தேங்கிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் 1957இல் தொடங்கிய ‘க்ரோ’ என்ற மனநலச் சுய உதவி அமைப்பு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பரவியபோது, ஜூலியன் ராப்பபோர்ட் என்ற உளவியல் பேராசிரியரின் குழு அதைப் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்தது. அந்த அமைப்பு குழுக்களைச் சிறியதாகவே வைத்துக்கொண்டது. ஆள் குறைவு, வேலை அதிகம் என்ற நிலையில், தன்னால் என்ன ஆகும் என்று ஒதுங்கி இருந்தவர்களும் பொறுப்பேற்க வேண்டி வந்தது. மனநல மருத்துவமனையிலிருந்து வந்தவர் என்று ஊர் ஒதுக்கிவைத்த ஒருவரை நம்பி ஒரு வேலை ஒப்படைக்கப்படுகிறது. அந்த நம்பிக்கையை எந்த ஆலோசனை அமர்வாலும் கொடுத்துவிட முடியாது.

தலைமை தேங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் பாடங்கள் உண்டு. 1840 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஒரு மதுக்கடையில் வழக்கமாகக் கூடிக் குடிக்கும் ஆறு நண்பர்கள் இனிக் குடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார்கள். ‘வாஷிங்டனியர்’ இயக்கம் அப்படிப் பிறந்தது. குடிகாரர்களே குடிகாரர்களிடம் பேசும் அந்த எளிய முறை ஊர் ஊராகப் பற்றிக்கொண்டது. சில ஆண்டுகளிலேயே லட்சக்கணக்கானோர் உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். 1842இல் ஆபிரகாம் லிங்கனே ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த இயக்கத்தைப் பாராட்டிப் பேசினார். ஆனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இயக்கம் கரைந்தே போனது. அரசியல் தகராறுகளும் மதுவிலக்குச் சண்டைகளும் உள்ளே புகுந்தது ஒரு காரணம். கூட்டங்கள் மேடைப் பேச்சாளர்களின் கச்சேரிகளாக மாறியது இன்னொன்று. கண்ணீர் வரவழைக்கும் பேச்சால் நாடெங்கும் புகழ்பெற்ற ஜான் கஃப் என்பவர் 1845இல் மறுபடியும் குடிக்க, செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடித் தீர்த்தன. ஒரு மனிதரின் வழுக்கல் முழு இயக்கத்தின் தோல்வியாகப் பேசப்பட்டது. ஆயிரக்கணக்கானோரின் நம்பிக்கையைச் சில முகங்களின் மேல் ஏற்றிவைத்தால் வரும் அபாயம் இதுதான். போதைநோய் திரும்ப வரக்கூடிய நோய். அந்த நோய் உள்ளவரையே அதிலிருந்து மீண்டதன் நிரந்தரச் சின்னமாக நிறுத்துவது அவருக்கும் கொடுமை, அவரை நம்பியவர்களுக்கும் கொடுமை.

இரண்டாவது பாடம் இதைவிடக் கசப்பானது. ஏஏ கூட்டங்களில் பேச்சாளராக வளர்ந்த சார்லஸ் டெடரிக் 1958இல் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ‘சினனான்’ என்ற இல்லத்தைத் தொடங்கினார். ஹெராயினுக்கு அடிமையானவர்களை யாரும் சீண்டாத காலத்தில் அவர்களைச் சேர்த்துக்கொண்ட இடம் அது. வட்டமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கடுஞ்சொற்களால் கிழிக்கும் ‘ஆட்டம்’ அதன் முக்கியச் சடங்கு. பத்திரிகைகள் அற்புதம் என்று எழுதின, நன்கொடைகள் குவிந்தன. டெடரிக்கோ யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாதவராக இருந்தார். 1970களில் அந்த இல்லம் தன்னை ஒரு மதமாக அறிவித்துக்கொண்டது. ஆண் உறுப்பினர்கள் கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு நெருக்கப்பட்டார்கள், தம்பதியர் பிரியும்படி செய்யப்பட்டார்கள். 1978 அக்டோபரில், சினனானை எதிர்த்து வழக்காடிய ஒரு வழக்கறிஞரின் தபால் பெட்டியில் உறுப்பினர்கள் உயிருள்ள விரியன் வகைப் பாம்பை வைத்தார்கள். கடிபட்ட அவர் உயிர் பிழைத்தார். இரண்டு மாதம் கழித்து அந்த வழக்கில் டெடரிக் கைதானபோது, மற்றவர்களின் போதையைத் தெளிவிக்க வந்த அவரே நல்ல போதையில் இருந்தார். 1991இல் சினனான் இழுத்து மூடப்பட்டது. டெடரிக் தொடக்கத்திலிருந்தே கெட்டவர் என்று கதையை முடித்துவிடுவது எளிது. ஆனால் குழுவுக்கு வருகிறவர்கள் தங்கள் வாழ்க்கையின் மிக பலவீனமான நாளில் வருகிறார்கள். சொல்வதையெல்லாம் கேட்கத் தயாராக வருகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் முன்னால் கேள்வியற்ற அதிகாரத்தோடு ஒருவரை ஆண்டுக்கணக்கில் உட்காரவைத்தால், நல்லவரும் மாறிப்போகலாம்.

இந்த ஆபத்தை ஏஏ பட்டுத் தெரிந்துகொண்டது. ஆரம்ப நாட்களில் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனை உரிமையாளர் பில் வில்சனுக்குச் சம்பளத்தோடு ஆலோசகர் வேலை தர முன்வந்தார். கையில் காசில்லாத நிலையில் அவர் ஆசையோடு சேதியைக் குழுவிடம் சொன்னார். சம்பளத்துக்குச் செய்தால் இந்தப் பிணைப்பு அறுந்துபோகும் என்று, அவரால் மீண்டவர்களே மறுத்தார்கள். நிறுவனர் கேட்டுக்கொண்டார். கோடீஸ்வரர் ஜான் ராக்ஃபெல்லர் ஜூனியரிடம் உதவி கேட்டபோது, 1938இல் ஐயாயிரம் டாலர் மட்டும் கொடுத்த அவர், பணம் இதைக் கெடுத்துவிடும் என்று கையை மடக்கிக்கொண்டார். இத்தகைய அனுபவங்கள் ‘பன்னிரண்டு மரபுகள்’ என்ற பெயரில் தொகுக்கப்பட்டு, 1950இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்டன. தலைவர்கள் நம்பிக்கைக்குரிய ஊழியர்களே தவிர ஆள்பவர்கள் அல்லர் என்பது அவற்றின் சாரங்களில் ஒன்று. குழு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், வெளியார் பணம் கூடாது. சொந்த உறுப்பினர்கூட ஆண்டுக்குக் குறிப்பிட்ட தொகைக்கு மேல் மைய அலுவலகத்துக்குத் தர முடியாது. பெயரை வெளியே சொல்லிப் புகழ் தேடக் கூடாது. கூட்டம் நடத்துபவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் குறிப்பிட்ட காலம் முடிந்ததும் இடம் விடுவார்கள். ஏறத்தாழ 180 நாடுகளில் இன்று இயங்கும் ஏஏவுக்கு நாடறிந்த தலைவர் என்று யாரும் இல்லை. மனநலத் துறையிலும் இதற்கு இணை உண்டு. சிகாகோவில் 1937இல் ‘ரெகவரி’ என்ற குழுவைத் தொடங்கிய மனநல மருத்துவர் ஆபிரகாம் லோ, 1952இல் அதை முன்னாள் நோயாளிகளிடமே ஒப்படைத்தார். இரண்டு ஆண்டுகளில் அவர் இறந்தார், குழுக்கள் இறக்கவில்லை.

இதற்கு மறுப்புகள் வரும். வலுவான தலைவர் இல்லாமல் எந்த நல்ல காரியம் தொடங்கியிருக்கிறது என்பது முதலாவது. நியாயமான கேள்வி. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் பிடிவாதமாக நிற்காவிட்டால், இந்தியாவின் போதைச் சிகிச்சைக்கே முன்மாதிரியான டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை உருவாகியிருக்காது. சாரதா மேனன் இல்லாமல் மனச்சிதைவு நோய்க்கான ‘ஸ்கார்ஃப்’ 1984இல் முளைத்திருக்காது. ஆனால் இவை நிபுணர்கள் நடத்தும் மருத்துவ நிறுவனங்கள். அங்கே பொறுப்பில் இருப்பவருக்குப் படிப்பு, பதிவு, சட்டப்படியான கடமை, மேலே தணிக்கை எல்லாம் உண்டு. நோயாளிகள் தங்களுக்குள் கூடும் குழுவில் அவை எதுவும் இல்லை, ஆகவே அங்கே கைமாற்றம்தான் காவல். அந்தச் சென்னை அறக்கட்டளையே திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் சிகிச்சை முகாம் நடத்தியபோது, இடம், சாப்பாடு, ஆள் சேர்ப்பது, பிறகு கண்காணிப்பது போன்றவற்றை ஊரார் கையில் விட்டது. நிபுணர் சிகிச்சை தந்தார், ஊர் தாங்கிப் பிடித்தது. தொடங்கும்போது ஒரு வலுவான ஆள் வேண்டும் என்பது உண்மையே. அவர் தொடங்கியது அவரில்லாமல் ஓடுகிறதா என்பதில்தான் அவருடைய தலைமையின் தரம் தெரியும்.

இரண்டாவது மறுப்பு, அனுபவம் வீணாகும் என்பது. பத்து ஆண்டு பழுத்தவரை இறக்கிவிட்டு, ஓராண்டுகூட முடியாதவரை உட்காரவைப்பதா? அவர் மறுபடி குடித்துவிட்டால்? இதற்குப் பதில் வடிவமைப்பில் இருக்கிறது. பதவி மாறும், பழுத்தவர் போய்விடுவதில்லை. ஏஏவில் அவர் ‘ஸ்பான்சர்’ ஆகப் புதியவர் ஒருவருக்கு வழித்துணையாக இருப்பார், குழப்பம் வந்தால் கேட்டால் சொல்வார். கூட்டம் தொடங்குவது முதல் முடிப்பது வரை வாசிக்க எழுதிவைத்த முறை இருப்பதால், நடத்துபவர் பேச்சாற்றல் உள்ளவராக இருக்க வேண்டியதில்லை. பொறுப்புக்கு வர இத்தனை மாதம் குடிக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று குழுவே வரம்பு வைக்கலாம். பழையவரும் புதியவரும் சில வாரம் சேர்ந்து வேலை பார்க்கலாம். மறுபடி குடித்துவிடுவதைப் பொறுத்தவரை, சுழற்சி முறையில்தான் அதன் சேதம் குறைவு. நான்கு மாதம் தேநீர்ப் பொறுப்பில் இருந்தவர் வழுக்கினால், வேறொருவர் அந்த வேலையை எடுத்துக்கொள்வார், இவர் அடுத்த வாரமே கூச்சப்படாமல் திரும்பி வரலாம். குழுவின் முகமாகவே இருப்பவர் வழுக்கினால் திரும்பி வரவும் இடமில்லை, மறைத்து வைக்கவோ நிறைய காரணம் இருக்கிறது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. யாரும் தலைவர் இல்லை என்றால் யாரும் பொறுப்பும் இல்லை. புதிதாக வந்த பெண்ணிடம் பழைய உறுப்பினர் தவறாக நடந்தால் யாரிடம் முறையிடுவது? மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவரிடம் ‘அதுவும் போதைதான், நிறுத்து’ என்று அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் சொல்லிவிட்டால்? இரண்டும் நடந்திருக்கின்றன. மருத்துவர் வேலையை உறுப்பினர்கள் பார்க்கக் கூடாது என்று ஏஏவே கையேடு வெளியிட வேண்டி வந்தது. தன் ஆளுகை முறையின் பலவீனமான பக்கம் இது என்பதை ஏஏ ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். ஆனால் இதற்கு மருந்து அசைக்க முடியாத ஒரு தலைவர் இல்லை, அசைக்க முடியாத சில விதிகள். சினனானில் தலைவர் இருந்தார், முறையிட இடம்தான் இல்லை. பெண்ணுக்குப் பெண்ணே வழித்துணை, புகார் வந்தால் கேட்க அந்தக் குழுவுக்கு வெளியே இருவர், மருந்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பனவற்றை எழுதிச் சுவரில் ஒட்டலாம். நடத்துபவர் யார் என்றாலும் தெரிந்திருக்க வேண்டிய எல்லைகளும் உண்டு. நாள்பட்டுக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அவரை மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். தற்கொலை எண்ணம் சொல்பவரைத் தனியே விடாமல் மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநலத் தொலைபேசி எண் 14416 ஒவ்வொரு கூட்டத்திலும் அறிவிக்கப்பட வேண்டும்.

கடைசியாக, இதெல்லாம் அமெரிக்க வழக்கம், பெரியவருக்கு மாலை போட்டுப் பின்னால் நிற்கும் நம் ஊருக்கு ஒத்துவராது என்பார்கள். மாலையும் பொன்னாடையும் நம் வழக்கம்தான். அதிகாரத்தைச் சுழற்றுவதும் நம் வழக்கமே. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு, ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலையில் ஆள் தேர்வதைச் சொல்கிறது. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. அந்தச் சபை நிலமுள்ள பிராமணர்களுடையது, எல்லாருக்குமான ஜனநாயகம் அங்கே இல்லை. ஆனாலும் பொறுப்பு ஒரே கையில் தங்கினால் கணக்கு மறையும், உறவு நுழையும் என்பதை அவர்கள் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார்கள். நம் காலத்தில், 1989இல் தருமபுரியில் தொடங்கிய திட்டத்திலிருந்து மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களிலும் ஊக்குநரும் பிரதிநிதியும் சுழற்சியில் மாற வேண்டும் என்பதுதான் முறை. எங்கெல்லாம் அந்த முறை ஏட்டோடு நின்றதோ, அங்கே ஊக்குநர் வீட்டுக் குழுவாகிவிட்டது என்ற முணுமுணுப்பைக் கேட்கலாம்.

ஆகவே இத்தகைய குழுக்களுக்கு இடம் தரும் பள்ளியும் தேவாலயமும், பணம் தரும் நிறுவனமும், ஆள் அனுப்பும் மருத்துவமனையும், கணவரையோ மகனையோ அனுப்பும் குடும்பமும் கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. போன ஆண்டு இந்தக் கூட்டத்தை நடத்தியது யார்? அவர் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறார்? காசு யார் கையில், கணக்கை யார் பார்க்கிறார்கள்? புகார் இருந்தால் எங்கே சொல்வது? இந்தக் கேள்விகளைக் கேட்டால் கோபப்படும் தலைவர், எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், ஆபத்தானவர். நிதி தருவோர் இன்னொன்றும் செய்யலாம். ‘சிறந்த தலைவர்’ என்று ஒருவரை மேடையேற்றி விருது தருவதை விட்டுவிட்டு, மூன்று முறை பொறுப்பு கைமாறியும் கலையாத குழுக்களுக்கு வாடகைக்கும் தேநீருக்கும் உதவலாம். தான் இல்லாவிட்டால் தன் குழுவே இல்லை என்று பெருமையாகச் சொல்லும் தலைவர், குழு வளரவில்லை என்பதையே அறியாமல் ஒப்புக்கொள்கிறார்.